தலையைச் சுற்றி

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு
ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், ஏறக்குறைய.
பல்லிடுக்கு நூலைப் பூமி உருண்டைமேல் இழுத்துப் பிடித்து
மிரேய் அளந்தது சரிதான்.
ஆனால் நூல் பிடித்தாற்போல் போகிற வழி
இப்போது இல்லை.

ஒரு பிப்ரவரியில் ருஷ்யாவின் வானம் சாத்தப்பட்டது.
ஊர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.
தூரம் மட்டும் வளர்ந்தது,
போன கோடையில் வாங்கிய கால்சட்டைக்கு வெளியே
என் மகளின் கணுக்கால் வந்துவிட்டதுபோல்.

இப்போது வடக்கே ஏறி,
ஸ்வால்பார்டின் பனிக்கு மேலே ஏறி,
துருவத்தைக் கடந்து
அலாஸ்காவின் ஓரமாக இறங்கி
உண்மையாகவே
பூமியின் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறார்கள்.
பதின்மூன்று மணி நேரம்.
துருவம் தாண்டியவர்களுக்கு ஒரு சான்றிதழும் தருகிறார்கள்.
மிரேயிடம் ஐந்து இருக்கிறது.

நான் வாந்தாவில் எடைக் கணக்குப் பார்ப்பவள்.
எது முன்னால், எது பின்னால்,
இன்றைய காற்றுக்கு எவ்வளவு எரிபொருள்.
வழி நீண்டதிலிருந்து
எண்ணெய் ஏற ஏற மீன் இறங்குகிறது.
நார்வே சால்மன், பெட்டி பெட்டியாக,
தரையில் ஐஸ் சொட்டிக்கொண்டு அடுத்த விமானத்துக்கு நிற்கும்.
என் படிவத்தில் குழந்தை என்றால் முப்பத்தைந்து கிலோ.
நேற்றுக் குளியலறைத் தராசில் அவளை நிற்க வைத்தேன்.
முப்பத்தொன்பதரை.
அந்த நாலரைக் கிலோ
எந்தக் கணக்கிலும் சேராமல் ஆண்டுக்கு இரு முறை பறக்கிறது.

பிரிந்தபோது நீதிமன்றத் தாளில் ஒரு வரி இருந்தது:
கோடையில் ஒன்று, டிசம்பரில் ஒன்று,
டிக்கெட் செலவு பாதிப்பாதி.
எந்த வழியாக என்று
நொபுதெருவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அதற்கு முன்பு கல்லியோவில் எங்களுக்கு ஒரு சமையலறை இருந்தது.
மேசையின் அகலம் எண்பது சென்டிமீட்டர்.
கடைசி வருடம்
உப்பை எடுத்துத் தரச் சொல் என்று
அவளைத்தான் அனுப்பினோம்,
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்.
அப்போது அவளுக்கு ஆறு வயது.
உப்பும் கொண்டுவந்தாள்,
உப்போடு சொன்னதையும் கொண்டுவந்தாள்.

இன்று விமான நிலையத்துக்கு வரும்போது
காரில் கேட்டாள்:
"அம்மா, சண்டை முடிஞ்சா பழைய வழி திறந்திடுமா?"
எந்தச் சண்டை என்று ஒரு நொடி குழம்பினேன்.
திறக்கும் என்றேன்,
ஒன்பதரை மணி நேரத்தில் அப்பாகிட்டப் போயிடலாம்.
வைப்பர் போய் வந்தது. போய் வந்தது.
"அப்ப மூணரை மணி நேரம் குறைஞ்சிடும்,"
யாரோ கையிலிருந்து பிடுங்குவதுபோல் சொன்னாள்.

குறைந்தால் நல்லதுதானே?

கழுத்தில் தொங்கிய நீலப் பையைத் திறந்து
பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்தாள்,
இருக்கிறது என்று தெரிந்தே.
"மேல யாரும் என்கிட்ட
அவர் என்ன சொன்னார், அவ என்ன சொன்னான்னு
கேக்க மாட்டாங்க.
சாப்பிட மீனா கோழியான்னு மட்டும்தான் கேப்பாங்க."

பிறகு எதுவும் நடக்கவில்லை.
நிறுத்துமிடச் சீட்டு எடுத்தேன்.
சீருடைப் பெண் வந்து கையெழுத்து வாங்கினாள்,
சரக்குப் பெட்டிக்கு வாங்குவதுபோலவே ஒரு கையெழுத்து.
மிரேய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், எனக்காக.

இரவு என் வேலை முடிந்தும் திரைமுன் உட்கார்ந்திருந்தேன்.
புள்ளி துருவத்தை நெருங்கிக்கொண்டிருந்தது,
எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்காகவே இருக்கும் இடத்தை.
ஹனேடாவில் இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்து நிற்பான் அவன்,
அது அவன் வழக்கம்.
வந்துவிட்டாள் என்று செய்தி அனுப்புவான்.
என்ன சொன்னாள் என்று நான் கேட்பேன்,
அது என் வழக்கம்.

இருபது வருட வேலையில்
எதிர்க்காற்று வேண்டுமென்று நான் நினைத்ததே இல்லை.
இன்று நினைத்தேன்.
கொஞ்சம் வீசட்டும்.
எண்ணெய் போதும்,
நான்தான் கணக்குப் போட்டேன்.